கொப்புளம், பொத்தல், விரிசல்: பழைய பிக்கப்பின் தகர வேலை, அறிகுறி வாரியாக

என் பழைய பிக்கப்பின் இடது முன் மட்கார்டில், கதவை ஒட்டிய கீழ்முனையில், ஒரே இடத்தில் மூன்று முறை பட்டி (தகரத்தை மட்டமாக்கப் பூசும் புட்டி) வைத்திருக்கிறேன். முதல் முறை எட்டு மாதம் தாங்கியது. இரண்டாவது முறை இன்னும் கவனமாகச் செய்தேன், ஆறே மாதம். மூன்றாவது முறைதான் மட்கார்டைக் கழற்றிப் பார்க்கத் தோன்றியது. உள்ளே, சக்கரம் வாரி அடித்த மண் ஒரு படி அளவுக்கு இறுகிக் கிடந்தது. அதில் புல் முளைத்திருந்தது. பின்னால் ஈர மண்ணை வைத்துக்கொண்டு முன்னால் நான் என்ன பூசினால் என்ன?

அதிலிருந்து தகரத்தில் கை வைப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். துரு என்றால், தண்ணீர் எந்த வழியாக வந்தது, ஏன் வெளியே போகவில்லை? விரிசல் என்றால், எது ஆடுகிறது? இதற்குப் பதில் தெரியாமல் வெல்டிங் மெஷினை எடுத்தால் அதே இடத்துக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும். கீழே இருப்பதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வண்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். வெல்டிங் செய்யப் போகிறவர்கள் மட்டும் அடுத்த பகுதியைத் தாண்டாதீர்கள்.

தீப்பொறி பறக்கும் முன்

பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் அதே தகரத்தில், பக்கத்திலேயே மாட்டுங்கள். எங்கோ தூரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங், ஒயரிங் என்று கிடைத்த வழியில் புகுந்து போகும். பெட்ரோல் டேங்கோ எரிபொருள் குழாயோ பக்கத்தில் இருந்தால் கழற்றி வெளியே கொண்டுபோய் வையுங்கள். "டேங்க் காலிதானே" என்று நினைக்க வேண்டாம். நிறைந்த டேங்கைவிட, உள்ளே ஆவி நிற்கும் காலி டேங்க்தான் வெடிக்கும்.

கேபினுக்குள் கார்பெட், சீட் ஸ்பாஞ்ச், தகரத்தின் மறுபக்கம் ஒட்டியிருக்கும் தார் ஷீட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கிரைண்டர் பொறி கண்ணாடியில் பட்டால் சின்னச் சின்னப் புள்ளியாகப் பதிந்துவிடும், தேய்த்தாலும் போகாது. ஈரச் சாக்கைப் போட்டு மூடுங்கள். தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது வண்டியை விட்டு நகராதீர்கள். பொந்துக்குள் கனன்றுகொண்டிருக்கும் பஞ்சு உடனே புகை காட்டாது.

நாகம், அதாவது துத்தநாகம், பூசிய தகரத்தில் வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர்க்காய்ச்சல் மாதிரி அடித்துப்போடும். வெல்டிங் வைக்கும் ஓரத்தில் நாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். பிரேக் கிளீனர் ஸ்பிரேயைக் கொண்டு தகரத்தைத் துடைக்கும் பழக்கம் இருந்தால், அதில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கிறதா என்று டின்னில் பாருங்கள். வெல்டிங் வெப்பத்தில் அது பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாறும். அந்த டின் வெல்டிங் நடக்கும் இடத்திலேயே இருக்கக் கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே தேய்க்கும்போது தூசி முகமூடி கட்டாயம்.

பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பெயிண்ட் மேலே எழும்புகிறது. ஆனால் எல்லாக் கொப்புளமும் ஒரே ஜாதி இல்லை.

கொப்புளத்தின் நடுவில் கல் பட்ட தழும்போ கீறலோ இருந்தால் துரு வெளியிலிருந்து உள்ளே போகிறது. சுரண்டினால் பழுப்புத் தூள் வரும், கீழே தகரம் கெட்டியாக இருக்கும். இது சின்ன வேலை. தழும்பு எதுவும் இல்லாமல் பட்டாணி பட்டாணியாகக் கூட்டமாக எழும்பியிருந்தால், அதுவும் கதவு, மட்கார்டு, கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு ஆகியவற்றின் கீழ்ப்பக்கத்தில் என்றால், துரு பின்பக்கத்தில் பிறந்து தகரத்தைத் தின்று முடித்துவிட்டு இப்போதுதான் உங்களுக்கு முகம் காட்டுகிறது.

எது என்று சந்தேகமாக இருந்தால் சின்னத் திருப்புளியின் முனையை வைத்துக் கட்டைவிரல் பலத்தில் அழுத்துங்கள். நல்ல தகரம் அசையாது. இற்றுப்போனது பிஸ்கட்டைப் போல 'மொறுக்' என்று உள்ளே போகும். அப்புறம் திருப்புளியின் பிடியால் சுற்றிலும் தட்டிக்கொண்டே வாருங்கள். 'ணங்' என்ற ஓசை எங்கே 'பொத்' என்று மாறுகிறதோ அங்கே ஒரு சாக்பீஸ் கோடு. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தையும் நகர்த்திப் பாருங்கள்; முன்னால் யாராவது கனமாகப் பட்டி அப்பியிருந்தால் அந்த இடத்தில் பிடிப்பு தளர்ந்துவிடும். பழைய வண்டிகளில் இந்தக் காந்தம் பல ரகசியங்களைச் சொல்லும். ஒரு முறை முழங்கை நீளத்துக்குத் தகரமே இல்லாத ஒரு மட்கார்டைக் கண்டுபிடித்தேன். பட்டியும் செய்தித்தாளும்தான் வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தன.

வெளித்துரு என்றால் பெயிண்ட்டை நல்ல தகரம் தெரியும்வரை, சுற்றிலும் இரண்டு விரல் அகலம் கூடுதலாகத் தேய்த்து எடுங்கள். இங்கே பலர் செய்யும் தவறு, கம்பி பிரஷ் வீலோடு நிறுத்திக்கொள்வது. கம்பி பிரஷ் துருவை எடுப்பதைவிட மெருகேற்றுவதில் கெட்டி. பளபளவென்று ஆன தகரத்தைச் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள், குழிகளுக்குள் கருப்புப் புள்ளிகள் உட்கார்ந்திருக்கும். அத்தனையும் உயிருள்ள துரு. 80 நம்பர் உப்புத்தாளாலோ பிளாப் டிஸ்காலோ (கிரைண்டரில் மாட்டும் உப்புத்தாள் வட்டு) தேய்த்துவிட்டு, குழிகளில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவி, டின்னில் போட்டிருக்கும் நேரம் விட்டு, கழுவி, முழுக்கக் காயவைத்து, அன்றைக்கே எப்பாக்ஸி பிரைமர் (தண்ணீரைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடித்துவிடுங்கள்.

ரஸ்ட் கன்வெர்டரைப் பற்றி ஒரு வார்த்தை. டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ கலந்த அந்தத் திரவம் துருவைக் கருப்பான ஒரு படலமாக மாற்றுவது உண்மைதான். ஆனால் மெல்லிய, ஒட்டிப்பிடித்த துருவில்தான் அது வேலை செய்யும். பொருக்குப் பொருக்காக எழும்பிய துருவின்மேல் பூசினால் மேல்தோல் கருப்பாகும், அடியில் அரிப்பு தன்பாட்டுக்கு நடக்கும். கை எட்டாத மூலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உள்துரு என்றால் வெட்டுவதைத் தவிர வழியில்லை. எவ்வளவு வெட்டுவது? தகரம் முழுக் கனத்தில் இருக்கும் இடம் வரை. பிக்கப்பின் மேல்தகரம் பெரும்பாலும் 0.7 மி.மீ. முதல் 1 மி.மீ. வரைதான், அதில் பாதியைத் துரு தின்றிருந்தால் வெல்டிங் பிடிக்காது. நகத்தளவு கொப்புளம் வெட்டி முடிக்கும்போது உள்ளங்கை அளவாகும். கஞ்சத்தனம் பார்த்து ஓரமாக வெட்டினால் அந்த ஓரத்திலேயே பிறகு அழ வேண்டியிருக்கும். மட்கார்டு மாதிரி போல்ட்டில் நிற்கும் பாகம் என்றால், வெட்டிய இடத்தில் புதுத் தகரத் துண்டை ஒட்டு வைப்பதைவிட நல்ல நிலையில் இருக்கும் பழைய மட்கார்டைத் தேடி மாட்டுவது சுலபம். கேபினோடு வெல்டிங்கில் சேர்ந்த பாகங்களுக்குத்தான் ஒட்டு வேலை.

கதவின் அடிப்பக்கம் உளுத்துப்போயிருக்கிறது

கதவுக்குள் தண்ணீர் போவது பழுதல்ல. கண்ணாடியை ஒட்டிய ரப்பரைத் தாண்டி மழைநீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். அது வெளியேறக் கதவின் அடியில் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். தூசியும் இலைச் சருகும் சேர்ந்து அந்தத் துளையை அடைத்ததும் கதவு ஒரு தொட்டியாகிவிடும். கண்ணாடியை ஒட்டி ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். உடனே கீழே சொட்டினால் சரி. சொட்டவில்லை என்றால் பழுதின் மூலம் கிடைத்துவிட்டது.

வெளித்தகரம் உள்சட்டத்தின்மேல் மடிந்து உட்காரும் அந்தக் கீழ் மடிப்பில்தான் அரிப்பு முதலில் பிடிக்கும். வெளித்தகரம் மட்டும் போயிருந்தால் கீழே நான்கைந்து விரல் உயரத்துக்கு ஒரு பட்டையாக வெட்டியெடுத்துப் புதிய பட்டை வைக்கலாம். முதலில் அட்டையில் அச்சு வெட்டிக் கதவின் வளைவுக்குச் சரிபாருங்கள். தகரத்தில் நேராக வெட்டி அடித்து வளைக்கப் பார்த்தால் நேரமும் தகரமும் வீண். வெட்டுக்கோடு தட்டையான நடுப்பகுதியில் ஓடக் கூடாது. கதவில் ஏற்கெனவே ஒரு மடிப்புக் கோடு ஓடினால் அதை ஒட்டியே வெட்டுங்கள். அந்த இடம் விறைப்பாக இருப்பதால் வெல்டிங் வெப்பத்துக்கு அவ்வளவாக நெளியாது. வெல்டிங்கே வேண்டாம் என்பவர்கள் இரண்டு பாகம் கலக்கும் பேனல் ஒட்டுப்பசையால் மேல்தகரத்தை ஒட்டலாம். தேய்த்துச் சுத்தம் செய்த இரண்டு தகரமும் ஒன்றின்மேல் ஒன்றாக 25 மி.மீ. அளவுக்கு ஏறியிருக்க வேண்டும். தூண், கீல் உட்காரும் இடம் போன்ற பாரம் தாங்கும் பாகங்களில் இதைச் செய்யாதீர்கள்.

முடித்த கையோடு சீலர் (மூட்டில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) துப்பாக்கியை எடுத்து மடிப்பு முழுவதும் அழகாக இழுத்துவிடுவோம். நான் இழுத்தேன். வடிகால் துளைகளும் சேர்ந்து அடைபட்டன, கதவைத் திறந்தால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம். சீலருக்கு முன் ஒவ்வொரு துளையிலும் ஒரு தீக்குச்சியைச் செருகி வையுங்கள்.

கேபின் தரையில் ஈரம், மிதித்தால் அமுங்குகிறது

தரையைத் தொடுவதற்கு முன் ஒழுகும் இடத்தைப் பிடியுங்கள். கார்பெட்டை எடுத்து, தரையை உலர்த்தி, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். வெளியே இருப்பவர் ஹோஸில் தண்ணீரை மெதுவாக விட வேண்டும், கீழிருந்து மேலாக: முதலில் கதவு ரப்பர், அப்புறம் முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு, பக்கங்கள், கடைசியாகக் கூரை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எது ஒழுகியது என்றே தெரியாமல் போய்விடும். பழைய பிக்கப்களில் பெரும்பாலும் அகப்படும் குற்றவாளிகள் இரண்டு: முன்கண்ணாடி ரப்பருக்கு அடியில் இற்றுப்போன சட்டம், வைப்பருக்குக் கீழே காற்று உள்ளே வரும் தொட்டியில் அடைபட்ட வடிகால்.

பிறகு இருட்டில் வண்டிக்கு அடியில் ஒரு பிரகாசமான விளக்கை வைத்துவிட்டு உள்ளிருந்து பாருங்கள். தரை நட்சத்திர வானமாகத் தெரிந்தால் ஓட்டை ஓட்டையாக அடைக்கப் பார்க்காமல் மொத்தத் துண்டாக வெட்டி மாற்றுங்கள்.

தரைக்கு 1 மி.மீ. அல்லது 1.2 மி.மீ. குளிர்முறையில் உருட்டிய தகரம் போதும். இங்கே ஓரத்தோடு ஓரம் ஒட்டும் நேர்த்தி தேவையில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறிய ஒட்டே போதும். ஆனால் அந்த இடைவெளிக்குள் தண்ணீர் நிற்கும் என்பதால் மேலும் கீழும் சீம் சீலர் கட்டாயம். ஒட்டுத் தகரம் வெறும் தட்டையாக இருந்தால் ஓடும்போது தம்பட்டம் அடிக்கும். பழைய தரையில் இருந்தது போல இரண்டு வரிப்பள்ளங்களை அடித்துக்கொடுங்கள்.

தரைக்கு அடியில் குறுக்கே ஓடும் தாங்கியைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். அது உளுத்திருந்தால் மேலே எவ்வளவு அழகான ஒட்டு வைத்தாலும் பயனில்லை, முதலில் அதை மாற்ற வேண்டும். சீட் போல்ட், சீட் பெல்ட் உட்காரும் இடத்தில் துரு இருந்தால் வீட்டு வேலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விபத்து நேரத்தில் உங்கள் உடம்பின் முழு விசையும் அந்த ஒரு கைப்பிடி இரும்பில்தான் தொங்கும். அனுபவமுள்ள பாடி வெல்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு தகரம் சேரும் மூட்டு உப்பி விரிந்திருக்கிறது

ஸ்பாட் வெல்டிங் (பொட்டுப் பொட்டாக வைக்கும் வெல்டிங்) வைத்த இரண்டு தகரங்களுக்கு நடுவில் துரு ஊதிப்போய், நனைந்த புத்தகம் மாதிரி விரிந்து நிற்கும். பொட்டுகளுக்கு இடையில் மட்டும் உப்பி, பொட்டு இருக்கும் இடத்தில் அமுங்கி, தலையணை தைத்ததுபோல் இருந்தால் இதுதான். சுத்தியலால் அடித்து மூட முடியாது. உள்ளே துரு இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. அமிலம் ஊற்றுவது அதைவிட மோசம். உள்ளே போன அமிலத்தைக் கழுவி எடுக்க வழியே இல்லை.

ஸ்பாட் பொட்டுகளை 8 மி.மீ. பிட்டால் மேல்தகரம் மட்டும் அறுபடும்படி துளைத்து மூட்டைப் பிரியுங்கள். சுத்தம் செய்து, நாகம் கலந்த வெல்டிங் பிரைமரை இரு முகத்திலும் அடித்து, சேர்த்து இறுக்கி, அதே துளைகளை வெல்டிங்கால் நிரப்புங்கள்.

கீல் தூணிலோ, கேபின் மூலையிலோ, பின்பக்கச் சரக்குத் தொட்டி முனையிலோ விரிசல்

தகரம் ஒரே நாளில் கிழிவதில்லை. ஆணியை முன்னும் பின்னும் வளைத்து உடைப்பதைப் போல, கொஞ்சம் கொஞ்சமாக ஆடி ஆடித்தான் விரிசல் விடும். ஆகவே முதல் வேலை ஆட்டத்தைக் கண்டுபிடிப்பது.

கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்க விளிம்பைப் பிடித்து மேலே தூக்குங்கள். கதவு மட்டும் எழும்பினால் கீலின் நடு ஆணி தேய்ந்திருக்கிறது. கீலோடு சேர்ந்து தூணின் தகரமும் மூச்சு வாங்குவதுபோல் அசைந்தால் விரிசல் ஏற்கெனவே ஆழமாகப் போய்விட்டது. கேபினின் பின்மூலையில் விரிசல் என்றால் சேசிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) கேபினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் மெத்தைகளைப் பாருங்கள். ஒன்று நசுங்கி மற்றது நன்றாக இருந்தால் கேபின் ஒவ்வொரு குழியிலும் முறுக்கிக்கொள்ளும். பின் தொட்டியின் முனை கிழிந்திருந்தால் தொட்டியைச் சேசிஸில் பிடிக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம், இல்லாவிட்டால் பாரம் ஏற்றிய விதம். பானெட் கீல் பக்கம் விரிசலா? முன்னால் பானெட் உட்காரும் சின்ன ரப்பர் குமிழ்கள் காணாமல் போயிருக்கும்.

ஆட்டத்தைச் சரிசெய்த பிறகு, விரிசல் எங்கே முடிகிறது என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் முனை உண்மையான முனை அல்ல. இதற்கு நான் இன்றும் பழைய வெல்டர்களின் முறையைத்தான் செய்கிறேன். பெயிண்ட்டை எடுத்துச் சுத்தம் செய்த தகரத்தில் மண்ணெண்ணெயைத் தாராளமாகத் தடவுவேன். கால் மணி நேரம் விட்டு, உலர்ந்த துணியால் ஒரு சொட்டு இல்லாமல் துடைப்பேன். பிறகு சாக்பீஸைப் பொடித்து, அந்தப் பொடியை லேசாக ஊதிவிடுவேன். ஒரு நிமிடத்தில் வெள்ளைப் பொடியின்மேல் மயிரிழை போல ஈரக்கோடு ஒன்று தானாக ஊர்ந்து வரும். விரிசலுக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் மேலே கசிகிறது. என் வண்டியின் கீல் தூணில் கண்ணுக்குத் தெரிந்தது கீலின் விளிம்பு வரைதான். ஈரக்கோடு அதைத் தாண்டி ஒரு விரல் அகலம் போய், மேலே திரும்பியிருந்தது. அந்தத் திருப்பத்தைப் பார்க்காமல் வெல்டிங் வைத்திருந்தால் மறு வாரமே பக்கத்தில் கிழிந்திருக்கும்.

அந்த ஈரக்கோட்டின் முனையில் 3 மி.மீ. துளை போடுங்கள். முனை துளைக்குள் விழ வேண்டும். முனையை எட்டாமல் விரிசலின் நடுவிலேயே போட்டால் பயனில்லை, முனையைக் கொஞ்சம் தாண்டிப் போட்டால் தவறில்லை. கத்திமுனை மாதிரி கூர்மையாக இருக்கும் இடத்தில்தான் இழுவிசை குவிகிறது. அதை வட்டமாக்கிவிட்டால் விரிசலுக்கு மேலே போக வலு குறையும். பிறகு மண்ணெண்ணெய் வாடை போகும்வரை கழுவிக் காயவைத்து, விரிசலைக் கட்டிங் வீலால் லேசாகத் திறந்து, பின்னால் செம்புத் தகடு வைத்து, துளையிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கி வெல்டிங் வையுங்கள். செம்பில் இரும்பு ஒட்டாது. வெப்பத்தையும் அது வாங்கிக்கொள்ளும்.

வெல்டிங் மட்டும் போதாது, பின்னால் ஒரு தாங்குத் தகடு வேண்டும். "கனமாகப் போட்டால் பலம்" என்று 3 மி.மீ. பிளேட்டை 0.8 மி.மீ. தகரத்தின்மேல் ஒட்டுவதைப் பல வண்டிகளில் பார்க்கிறேன். அந்தக் கனமான தகடு வளையாது. வளைவு முழுவதும் தகட்டின் ஓரத்தில் போய் விழும், அந்த ஓரமே அடுத்த விரிசல். தகடு தகரத்தைவிடச் சற்றே கனமாக, 1 மி.மீ. அல்லது 1.2 மி.மீ. இருக்கட்டும். மூலைகளைக் காசை வைத்து வரைந்ததுபோல வட்டமாக வெட்டுங்கள். சுற்றிலும் முழுக்க வெல்டிங் இழுக்காமல், தகட்டில் 6 மி.மீ. துளைகள் போட்டு அவற்றை நிரப்புங்கள்.

வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரிசல்

மேலே சொன்னதில் ஏதாவது ஒன்றை விட்டிருப்பீர்கள், பெரும்பாலும் ஆட்டத்தை. இன்னொரு காரணம் கிரைண்டர். வெல்டிங்கைத் தரையோடு தரையாக மழமழவென்று ஆக்கும் ஆசையில் பக்கத்துத் தகரத்தையும் சேர்த்துக் காகிதமாகத் தேய்த்துவிடுகிறோம். வெல்டிங் மேடு மட்டும் தேய வேண்டும். கடைசிக் கொஞ்சத்தை உப்புத்தாளில் எடுங்கள்.

பழைய வெல்டிங்கின்மேல் இன்னொரு வெல்டிங் ஓட்டாதீர்கள். மொத்தமாக வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் துண்டு வையுங்கள்.

வெல்டிங் வைத்தால் தகரம் ஓட்டை விழுகிறது

குச்சி வெல்டிங்கில் இந்த வேலையைச் செய்யப் பார்க்கிறீர்களா? கை தேர்ந்தவர்களுக்கே 0.8 மி.மீ. தகரத்தில் அது சோதனைதான். மிக் மெஷினில் (கம்பி தானாக ஓடிவரும் வெல்டிங் மெஷின்) 0.6 மி.மீ. கம்பியும், 75 சதவீதம் ஆர்கான், 25 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவும் மெல்லிய தகரத்துக்கு ஏற்றவை. வாயு இல்லாமல் ஓடும் பிளக்ஸ் கம்பி சூடு அதிகம், ஓட்டையும் அதிகம்.

கோடாக இழுக்காதீர்கள். ட்ரிகரை அழுத்தி, ஒரு விநாடிக்குள் விட்டு, சிவப்பு மங்கியதும் அடுத்த பொட்டு. ஒட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் கட்டிங் வீல் அளவு, அதாவது 1 மி.மீ. இடைவெளி போதும். அதைவிட அகலமானால் வெல்டிங் காற்றில் பாலம் கட்ட வேண்டியிருக்கும். வண்டியில் தொடுவதற்கு முன் அதே கனமுள்ள கழிவுத் துண்டில் பத்துப் பொட்டு வைத்துப் பாருங்கள். செட்டிங் சரியாக இருந்தால் எண்ணெயில் கடுகு பொரிவதைப் போல ஒரே சீராகச் சத்தம் வரும். 'பட்… பட்…' என்று விட்டு விட்டு வெடித்தால் கம்பி வேகமும் வோல்டேஜும் ஒத்துப்போகவில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு ஓரம் மட்டும் தின்றுகொண்டே போனால் குறை உங்கள் கையில் இல்லை, அங்கே தகரமே இல்லை. ஓட்டையைத் துரத்திக்கொண்டு ஓடாமல் நிறுத்திவிட்டு இன்னும் இரண்டு விரல் அகலம் வெட்டுங்கள்.

ஒட்டு சரியாக உட்கார்ந்தது, வெல்டிங் முடிந்ததும் பேனல் நெளிந்துவிட்டது

உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது சுற்றியுள்ள தகரத்தையும் இழுக்கும். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே மூச்சில் வெல்டிங் வைத்தால் நெளியாமல் என்ன செய்யும்? முதலில் நான்கு மூலையிலும் டேக் (துண்டைப் பிடித்து நிறுத்தும் சின்னப் பொட்டு), அப்புறம் எதிரெதிர்ப் பக்கமாக, 25 மி.மீ. இடைவெளியில் டேக். அதன்பின் இடைவெளிகளை நிரப்பும்போதும் ஒரு பொட்டு இங்கே, அடுத்தது ஒரு முழம் தள்ளி. புறங்கையை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிட்டுத் தொடருங்கள். பொறுமையில்லாதவர்களுக்கான வேலை இல்லை இது. நடுவில் டீ குடிக்கப் போனால் குற்றமில்லை, போகாமல் இருப்பதுதான் குற்றம்.

ஏற்கெனவே நெளிந்துவிட்டதா? சுருங்கியது வெல்டிங் கோடுதான், ஆகவே நீட்ட வேண்டியதும் அதைத்தான். பின்னால் டாலியை (அடியைத் தாங்கக் கையில் பிடிக்கும் இரும்புக் கட்டி) இறுக்கி வைத்து, வெல்டிங் மேட்டின்மேலேயே சுத்தியலால் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டு போங்கள். நெளிசல் மெல்லத் தளர்ந்து வருவது கண்ணுக்குத் தெரியும். நெளிந்த பள்ளத்தைப் போய் அடித்தால் தகரம் இன்னும் நீண்டு, அழுத்தினால் உள்ளே போய் விட்டால் 'டப்' என்று வெளியே வரும் எண்ணெய் டின் மாதிரி ஆகிவிடும்.

பட்டி வெடிக்கிறது, ஓரம் தெரிகிறது

பட்டி என்பது மட்டம் பார்க்கும் பொருள். பொத்தலை அடைக்கும் பொருளல்ல. அதில் இருக்கும் மாவு தண்ணீரை உறிஞ்சும். பின்பக்கம் திறந்த ஓட்டையின்மேல் வைத்தால் பின்னாலிருந்து ஈரம் ஏறி, பட்டி முழுத் துண்டாகக் கழன்று வரும். 3 மி.மீ. கனத்துக்கு மேல் தேவைப்பட்டால் தகரத்தை இன்னும் நிமிர்த்த வேண்டும் என்று அர்த்தம்.

கெட்டிப்படுத்தும் பசையை, எடையில் 2 சதவீதம் அளவில், பட்டி டின்னில் போட்டிருப்பதைப் பார்த்துக் கலக்குங்கள். சீக்கிரம் காயட்டும் என்று கூடக் கலந்தால் பெயிண்ட்டின் வழியே கறையாக எட்டிப்பார்க்கும். ஓரம் தெரிவதற்குக் காரணம், பட்டி முழுக்க இறுகும் முன் பிரைமர் அடித்ததுதான்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு வருடத்தில் துரு திரும்பியது

முன்பக்கம் பிரைமர், பெயிண்ட், வார்னிஷ் என்று மூன்று சட்டை போட்டிருப்பீர்கள். பின்பக்கம்? வெல்டிங் சூட்டில் பின்னால் இருந்த பெயிண்ட் கருகி, தகரம் அம்மணமாக நிற்கிறது. ரன்னிங் போர்டு, கதவு போன்ற பொந்துள்ள பாகங்களுக்குள் நீளக் குழாய் மாட்டிய ஸ்பிரேயால் மெழுகு அடிக்க வேண்டும். ஆனால் பெயிண்ட் வேலை எல்லாம் முடிந்த பிறகு மட்டும். மெழுகு பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாது.

இன்னொரு காரணம் பிரைமர். மேல்தளத்தை மட்டப்படுத்த அடிக்கும் சாதாரண பிரைமர் ஸ்பாஞ்ச் மாதிரி, தண்ணீரைத் தடுக்காது. அதோடு வண்டியை மூன்று மாதம் வெயிலிலும் மழையிலும் ஓட்டினால், பெயிண்ட் அடிக்கும் முன்பே அடியில் துரு தொடங்கியிருக்கும். வெறும் தகரத்துக்கு முதலில் எப்பாக்ஸி. தேய்த்த தகரத்தை வெறும் கையால் தொடாதீர்கள். வியர்வை உப்பு போதும், விரல் ரேகை துருவாகவே பதியும்.

வண்டிக்கு அடியில் கனமாகத் தார் பூசுவதை நான் நம்புவதில்லை. துருவின்மேல் பூசிய தார் ஒரு பக்கம் வெடித்தால் உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. தார் நன்றாகத்தான் இருக்கும், அதைத் தட்டினால் தகரம் இருக்காது.

சேசிஸில் பொருக்கு உதிர்கிறது

இதைக் கடைசியில் வைத்தாலும், வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். மேல்துரு எல்லாச் சேசிஸிலும் இருக்கும். கம்பி பிரஷ் போட்டால் கீழே கெட்டி இரும்பு வரும். வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிந்தால் விஷயம் வேறு. வண்டியை ஜாக்கில் மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, கால் கிலோ சுத்தியலால் முழு நீளத்துக்கும் தட்டிக்கொண்டே வாருங்கள், பெட்டி போல மூடிய பகுதிகளில் அடிப்பக்கத்தையும் சேர்த்து. அங்கே துரு உள்ளிருந்துதான் தின்னும்.

இலைச்சுருள் (லீஃப் ஸ்பிரிங்) உட்காரும் தாங்கி, ஸ்டீரிங் பெட்டி, கேபின் ரப்பர் மெத்தை உட்காரும் கைகள், இந்த இடங்களில் ஓட்டையோ விரிசலோ இருந்தால் வீட்டு வெல்டிங் கூடாது. சில சேசிஸ்கள் வெப்பப் பதம் ஏற்றியவை. தப்பான இடத்தில் சூடு பட்டால் பலம் இறங்கும். சத்தம் மொண்ணையாக வந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, போட்டோ எடுத்து, சேசிஸ் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். அவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை மட்கார்டையும் கதவையும் அப்படியே விட்டு வையுங்கள்.